உஷ் அக்கா சொன்ன ஒரே வார்த்தை

போட்டி திரும்பி வரப்போகிறது என்ற சேதி ஒரு படுக்கை விரிப்பின் மறுமுனையிலிருந்து சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் உஷ் அக்கா, அந்த முனையில் இஸ்திரிக்காரர். இருவரும் உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். பிறகு விலகி அடுத்ததை எடுப்பார்கள். உலர்த்தும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒரு எழுத்தும் காதில் விழாது. கிட்டே வரும்போது பேசினால்தான் உண்டு. அதனால் அந்தக் கூடத்தில் எந்த வம்பும் தவணை முறையில்தான் வரும்.

"அக்கா, சேதி தெரியுமா? நம்ம கோல்ஃப் போட்டி..." என்றார் இஸ்திரிக்காரர். விலகினார்கள்.

"...மறுபடியும் இங்கேயே நடக்கப் போவுதாம்."

"யாரு சொன்னா?"

விலகினார்கள்.

"வேன் டிரைவர். ஏர்போர்ட்லேருந்து ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு வந்தானாம். அவங்க வழியெல்லாம் அதைத்தான் பேசிக்கிட்டு வந்தாங்களாம்."

"அவன் பேச்சைக் கேக்காத. போன வருஷம் ஓட்டலை இடிச்சிட்டு ஆஸ்பத்திரி கட்டப் போறாங்கன்னு சொன்னான். நானும் போனாப் போகுது, நர்ஸா மாறிடலாம்னு இருந்தேன்."

வழக்கமாக இதற்கு விழுந்து விழுந்து சிரிக்கிற இஸ்திரிக்காரர் இன்று சிரிக்கவில்லை. அடுத்த விரிப்போடு கிட்டே வந்தபோது முனைகளை அவள் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"உங்க பையன் பேரும் அடிபட்டுச்சாம்க்கா. அவனும் ஆட வர்றானாம்."

அவள் கையிலிருந்து நழுவி விரிப்பு தரையில் விழுந்தது. தரையைத் தொட்ட துணி மறுபடியும் துவைக்கப் போக வேண்டும் என்பது அந்தக் கூடத்துச் சட்டம். அவள் அதைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வந்து, "அடுத்ததை எடு" என்றாள்.

ஏரிக்கரைச் சரிவில் இருக்கிற அந்த உல்லாச விடுதிக்கு அவள் சலவை வேலைக்கு வந்த வருஷம்தான் முதல் போட்டியும் நடந்தது. விருந்தாளிகள் பொழுதுபோக்குக்காக ஆடிக்கொண்டிருந்த மைதானம் அது. மழை முடிந்த மாதங்களில் அறைகள் காற்று வாங்குகின்றன என்று கவலைப்பட்ட முதலாளிக்கு, காசுக்கு ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்களை வரவழைத்துப் போட்டி நடத்தினால் கூட்டம் கூடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். கூட்டம் கூடத்தான் செய்தது. ஆனால் அதில் முக்கால்வாசி விடுதி ஊழியர்களின் உற்றார் உறவினர். கோல்ஃப் என்பது ஓடுகிற ஆட்டமா உட்கார்கிற ஆட்டமா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆட்டக்காரர் கோலை ஓங்கினாலே கைதட்டினார்கள். பந்தடிக்கும் முன் அவர் வெறுங்காற்றில் ஒத்திகை பார்த்தால், "விட்டுட்டாருப்பா, பந்து மேலேயே படலை" என்று பரிதாபப்பட்டார்கள். கடைசிக் குழியருகே ஒருவர் குனிந்து குறிபார்த்துக்கொண்டிருந்தபோது விடுதிச் சமையற்காரர் ஒருவர், "அண்ணே, கொஞ்சம் எடது பக்கமா தட்டுங்க" என்று கத்தினார். அந்த ஆட்டக்காரருக்கு மொழி புரியவில்லை. புரிந்திருந்தால் கேட்டிருக்கலாம். பந்து குழியைத் தாண்டி வலது பக்கமாகப் போய்விட்டது.

அன்றைய மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். தலையணை உறைகள் நிறைந்த தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள் இவள். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம்.

"ஏம்மா, நீ அங்க போய் நில்லு. அவங்க வாயை மூடு."

எப்படி மூடுவது என்று அவர் சொல்லவில்லை. அவள் ஒரு தலையணை உறையை எடுத்து இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். ஒரே ஒரு தடவை "உஷ்" என்றாள். அது என்ன மாயமோ, கூட்டம் கப்சிப்பென்று அடங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் உஷ் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அடுத்த வருஷம் தலையணை உறைக்குப் பதில் 'அமைதி' என்று எழுதிய, கைப்பிடி வைத்த பலகை வந்தது. கூடவே மேனேஜர் ஒரு கட்டளையும் போட்டார். கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். என்ன ஆனாலும் ஆட்டத்தின் பக்கம் திரும்பக் கூடாது. "ஆட்டத்தைப் பாக்க அத்தனை பேர் இருக்காங்க. கூட்டத்தைப் பாக்க நீ ஒருத்திதான் இருக்க."

எனவே, ஒவ்வொரு வருஷமும் பந்தைக் குழிக்குள் தள்ளிக் கோப்பையை முடிவுசெய்த கடைசித் தட்டுக்கு முதுகைக் காட்டியே நின்றவள் அவள். அதற்காக அவள் ஒன்றையும் தவறவிட்டதாகச் சொல்ல முடியாது. அவள் கோல்ஃப் பார்த்தது சனங்களின் முகத்தில். பந்து உருளத் தொடங்கியதும் கண்கள் ஒரு பக்கமாக நகரும். உதடுகள் லேசாகத் திறக்கும். குழி நெருங்க நெருங்கப் புருவம் ஏறும். பந்து விழுந்தால் பற்கள் தெரியும். விழாவிட்டால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலத் தங்கள் தலையையே பிடித்துக்கொள்வார்கள், ஏதோ இவர்கள் ஆடித் தோற்ற மாதிரி.

போட்டியின் பெயர் அடிக்கடி மாறியது. முதலில் ஒரு உரக் கம்பெனியின் பெயரில் நடந்தது. பிறகு கைக்கடிகாரக் கம்பெனி. பிறகு ஒரு வங்கி வந்து பணத்தைக் கொட்டியது. பெயர் மாறும்போதெல்லாம் ஊழியர்களுக்குப் புதுத் தொப்பி கிடைக்கும். உரத் தொப்பியில் அவள் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்தாள். கடிகாரத் தொப்பி மழைக்கு நன்றாக இருந்தது. வங்கித் தொப்பி ஒரே சலவையில் சாயம் போயிற்று. "இவங்களை நம்பியா சனங்க பணத்தைப் போடுது?" என்றார் அவள் கணவர்.

அவள் கணவர் அதே மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டுபவர். எல்லோருக்கும் அவர் புல்லுக்காரர். போட்டி நாட்களில் அவர் விடியலில் வெட்டி முடித்துவிட்டு, ஓய்வெடுக்கப் போகாமல் கடைசிக் குழிக்குப் பின்னால் மரத்தடியில் வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருப்பார். கேட்டால் புல்லைப் பார்க்கிறேன் என்பார்.

ஒரு வருஷம் புயல் வந்து ஏரி மைதானத்துக்குள் ஏறிவிட்டது. ஆட்டம் நின்று, உலகம் சுற்றுகிற ஆட்டக்காரர்கள் எல்லாம் கதகதப்புக்காகச் சலவைக்கூடத்துக்கு வந்து, ஈரமான ஷூக்களை உலர்த்தும் இயந்திரங்களின் மேல் வரிசையாக வைத்துவிட்டுச் சீட்டாடினார்கள். அவர்களில் சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த ஒருவர் சீட்டில் தோற்றுக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த வருஷக் கோப்பையை அவர்தான் வென்றார். ஜெயித்த சட்டையையும் தோற்ற சட்டைகளையும் அவள் ஒரே இயந்திரத்தில்தான் போட்டாள். அழுக்கில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தச் சீட்டாட்டத்தை ஒரு மூலையில் துணி மூட்டைமேல் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவளுடைய ஒரே மகன். மைதானத்திலேயே புல்லோடு புல்லாக வளர்ந்தவன். கொஞ்சம் பெரியவனானதும் ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கப் போனான். அந்த வேலைக்குக் கேடி என்று பெயர். "எல்லார் வீட்லயும் பையனைக் கேடின்னா அடிக்க வருவாங்க. நம்ம வீட்ல அதுக்குச் சீருடை குடுத்திருக்காங்க" என்று புல்லுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். கேடி மெல்ல மெல்லக் கோல் பிடித்தான். பிடித்தவனை மைதானத்துப் பயிற்சியாளர் விடவில்லை. ஒரு நாள் அவனும் காசுக்கு ஆடுகிறவன் ஆனான்.

அந்த வீட்டில் அவளுக்கு ஒரு வார்த்தை இருந்தது. 'பாத்து.' வாசற்படி இறங்கினால் பாத்து. சுடுதண்ணீர் ஊற்றினால் பாத்து. வெளியூர் ஆட்டத்துக்குப் பெட்டியோடு கிளம்பினால் பாத்து. போய்ட்டு வா, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

"ஏம்மா, உனக்கு வேற வார்த்தையே தெரியாதா?" என்பான் அவன்.

"தெரியும்டா. உஷ்."

அவன் தகுதிச் சுற்றில் தேறி, சொந்த மைதானத்துப் போட்டியில் ஆடிய வருஷத்தில் விடுதியே ஒரு வீடு மாதிரி ஆயிற்று. அவன் அடித்த பந்து மேலே போகும்போது அடுப்பங்கரையில் கரண்டிகள் நின்றன. கடைசி நாள் கடைசிக் குழிக்கு வந்தபோது, மற்றவர்கள் எல்லோரையும்விட ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருந்தான். ஒரு சின்னத் தட்டு. ஒரு குடை நீளம்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழுகிற தூரம். விழுந்தால் கோப்பை அவனுக்கு.

அவள் பலகையை உயர்த்தினாள். கூட்டம் அடங்கியது. அந்த மைதானத்தில் அவள் உண்டாக்கிய அமைதிகளிலேயே ஆழமானது அதுதான். சமையற்காரர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் முகங்களைப் பார்த்தாள். கண்கள் இன்னும் நகரவில்லை. புருவங்கள் ஏறவில்லை. எல்லா முகங்களும் அவளைத் தாண்டி அவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் திரும்பினாள்.

அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவன் குனிந்திருந்தான். கழுத்தில் வியர்வை. கோல் பின்னால் போனது. பெற்ற வாய் சும்மா இருக்குமா?

"பாத்து."

கத்தவில்லை. வீட்டில் சொல்வதைவிட மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஊசி விழுந்தாலும் கேட்கும்படி அந்த இடத்தை ஆக்கி வைத்திருந்தது அவளேதான். அவன் கை ஒரு இமைப்பொழுது தயங்கியது. பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது.

நடுவர் வேகமாக வந்தார். யார் பேசியது என்று கூட்டத்தைப் பார்த்து அதட்டினார். பந்தையே பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரியவில்லை. அவர் அவனிடம் திரும்பி, யாரென்று காட்டினால் வெளியே அனுப்பிவிடுவேன் என்றார். அவன் நிமிர்ந்தான். பலகையைத் தலைக்கு மேலே பிடித்தபடி, முகத்தை மறைக்கவும் வழியில்லாமல் நின்றவளை ஒரு தடவை பார்த்தான்.

"யாரும் பேசல சார். காத்து."

அந்த ஒரு அடி முன்னிலை போய், இன்னொருவரோடு ஆட்டம் சமமாயிற்று. அதைத் தீர்த்துவைக்க மறுபடியும் ஆடினார்கள். இரண்டாவது குழியிலேயே அவன் தோற்றான்.

வீட்டுக்கு வந்தவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். கோலை உடைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவன் கைகால் கழுவினான், சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. கொஞ்ச நாளில் எங்கோ கடல் தாண்டி ஒரு பயிற்சி மைதானத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது என்றான். கிளம்பும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றான். ஒரு படி இறங்கித் திரும்பிப் பார்த்தான். கீழே போய் மறுபடி திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சொல்லை இனி எந்த வாயால் சொல்வது?

அதன்பிறகு போட்டியும் அதிக நாள் நிலைக்கவில்லை. வங்கி கையை விரித்தது. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு புது மைதானம் முளைத்து, போட்டியை அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று. ஏரிக்கரையில் பழையபடி விருந்தாளிகள் பந்தைத் தொலைத்துக்கொண்டிருந்தார்கள். மகன் போன் செய்வான். அப்பாவிடம் பேசுவான். கடைசியில் போன் அவள் கைக்கு வரும்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்."

அப்புறம் இரண்டு பக்கமும் அமைதி. பலகை இல்லாமலே.

விரிப்பு விழுந்ததற்கு மறுநாள் புது மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். சின்னப் பெண். மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது பழைய பலகை. 'அமைதி'யில் 'தி' பாதி உதிர்ந்திருந்தது.

"ஸ்டோர்ல கிடைச்சுதும்மா. போட்டி நெஜமாவே வருது. கடைசிக் குழியில நீங்கதான் நிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எனக்கு முழங்கால் வலிம்மா. வேற யாரையாவது..." என்று இழுத்தாள். பிறகு கேட்டே விட்டாள். "என் பையன் வர்றதா பேசிக்கிறாங்களே?"

"அழைப்பு அனுப்பியிருக்கோம். அந்த வருஷம் ரெண்டாவதா வந்தவராச்சே. ஆனா பதிலே வரலை. நாளைக்குள்ள சொல்லலைன்னா அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க." மேனேஜர் அவள் கையைத் தொட்டாள். "நீங்க கூப்பிட்டா வராம இருப்பாரா? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ மரியாதைக்குச் சொன்னாள். உஷ் அக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். சலவைக்கூடத்துக்குப் போகும் வழி மறந்துபோய் அடுப்பங்கரைப் பக்கம் போய் நின்றாள்.

மத்தியானம் புல்லுக்காரர் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் பூட்ஸில் ஒட்டிய புல்லைச் சுரண்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"போன வாரம் பேசினப்ப அவன் ஒண்ணு கேட்டான்" என்றார். "அம்மா இன்னும் அந்த எடத்துல நிக்கிறாங்களான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போட்டியே இல்ல, அவ எங்க நிக்கிறதுன்னேன். இதுக்குத்தான் கேக்குறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் நின்னா அவன் வரமாட்டான்."

"நீ நிக்கலைன்னா வரமாட்டானோ என்னமோ."

அவள் அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு..."

"எனக்கா தெரியாது?" அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். "மரத்தடியிலதான இருந்தேன். உன் குரல் எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா வண்டி எடுக்கும்போதெல்லாம் எங்கிட்டயும் அதைத்தான சொல்லுவ. அன்னியிலேருந்து எங்கிட்டயும் சொல்றதில்ல."

அவள் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நீயா சொல்லுவன்னு இருந்தேன்." அவர் மறுபடி பூட்ஸை எடுத்தார். சுரண்டுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. "கெளம்புற அன்னிக்கு வாசல்ல நின்னு நின்னு திரும்பிப் பாத்தானே, எதுக்குன்னு நெனச்ச? நீ சொல்லுவன்னுதான். அவன் காத்துன்னு சொன்னது உன்னைக் காப்பாத்த. நீ வாயை மூடிக்கிட்டு நின்னதை அவன் என்னன்னு எடுத்துக்கிட்டானோ."

"கோபம்னு நெனச்சிருப்பானா? அவனுக்கு எம்மேல இல்ல, எனக்கு அவன்மேல கோபம்னு?"

"கோப்பையை விட்டுட்டேன்னு அம்மாவுக்கு வருத்தமான்னு ஒரு தடவை கேட்டான். இல்லடான்னேன். நான் சொன்னா ஆச்சா?"

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "அங்க இப்ப என்ன நேரம்?"

"காலையில எந்திரிச்சிருப்பான். வேலைக்குக் கெளம்புற நேரம்."

வீட்டுக்குள் நின்று அவளால் பேச முடியாது போலிருந்தது. அவள் நடந்தாள். ஊழியர் குடியிருப்பின் பின்கதவைத் தாண்டி, ஏரியோரமாகப் போய்க் கடைசிக் குழியருகே தான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். இப்போது கூட்டம் இல்லை. அதனால் குழியைப் பார்த்தே நிற்க முடிந்தது. புல் புதிதாக வெட்டப்பட்டிருந்தது. அவர் வெட்டியது.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். கோப்பையைப் பற்றி ஒன்றும் இல்லை. மன்னிப்பும் இல்லை, அதெல்லாம் அவளுக்குச் சொல்ல வராது. பாத்து வாடா. அவ்வளவுதான். வராவிட்டாலும் பரவாயில்லை. அப்படியென்றால், பாத்து இருடா. முதல் சொல்லைச் சொல்லிவிட்டால் அடுத்ததை அவன் பார்த்துக்கொள்வான்.

எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். தூரத்து மணி அடிக்கத் தொடங்கியது.

மரத்தடியில் பைகளை இறக்கி வைத்துவிட்டு நான்கைந்து கேடிகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவன் எடுத்துப் பேசினால் கேட்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அவளை அறியாமல் அவளுடைய இன்னொரு கை தலைக்கு மேலே உயர்ந்தது. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உஷ் அக்கா கையைத் தூக்கியிருக்கிறாள். சிரிப்பு நின்றது. ஒருவன் கையிலிருந்த கோலைச் சத்தமில்லாமல் புல்லில் வைத்தான்.

மைதானம் முழுக்க அடங்கிவிட்டது. அவள் கையை இறக்கவில்லை. காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.